உதடு ஒட்டாத சொல்

அச்சகத்திலிருந்து வந்த நினைவுத் தாளில் முதல் வரியே தப்பு. 'நூற்றுக்கணக்கான குழந்தைகளின் அன்னை' என்று கொட்டை எழுத்தில் போட்டு, அதற்குக் கீழே அண்ணியின் படத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கு என்பது பொய். அதைக்கூட விட்டுவிடலாம், செத்துப்போனவர்களுக்கு எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் போடுவார்கள். அன்னை என்ற சொல்லை விட முடியாது. சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்கே கோடு இழுத்து அனுப்பினேன்.

உடனே போன் வந்தது.

"என்ன மேடம், அன்னையை அடிச்சுட்டீங்க? எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லையே."

"எழுத்துல பிழை இல்லப்பா. ஆள்ல பிழை."

"அப்போ என்ன போடறது?"

"அத்தைன்னு போடு."

"அத்தையா? படிக்கிறவங்க சிரிப்பாங்க மேடம்."

சிரிக்கட்டும். பிழை திருத்தியே பிழைத்தவள் நான். எந்த இடத்தில் எந்தச் சொல் நிற்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த ஒரு சொல்லுக்காக அண்ணி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டால் சிரிக்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அண்ணி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. எங்கள் வீடு தெருவைப் பார்த்து ஒரு அறை, அதன் பின்னால் ஒரு அறை, அதற்கும் பின்னால் சமையலறை என்று நீளமாக உள்ளே போகும். முன்னறையில் அண்ணனின் தையல் மெஷினும், துணி வெட்டும் மேஜையும். நடு அறையில் ஒரு மரத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் என் அச்சுத் தாள்களும். வீடு முழுக்க நூல் துணுக்குகள் பறந்துகொண்டே இருக்கும். காலையில் காபி குடித்தால் டம்ளரில் கடைசி வாயோடு ஒரு நூல் வரும்.

கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. துணி தைக்க வருகிறவர்கள் எல்லாம் அளவு கொடுத்த கையோடு, "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருத்தியிடம், "உங்க இடுப்பளவு போன தடவையவிட நாலு விரக்கடை கூடியிருக்கு, விசேஷம் உங்களுக்குத்தானா?" என்று கேட்டேவிட்டேன். அந்த அம்மாள் அதற்குப் பிறகு வேறு தையற்கடை பார்த்துக்கொண்டாள். அண்ணன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

எனக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் நான் அத்தை ஆவேன், அந்தப் பதவியாவது கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அதையும் அண்ணியே எடுத்துக்கொண்டாள். அந்த மனத்தாங்கல் எனக்கு இன்றுவரை உண்டு.

முதலில் வந்தது ஒரு பையன். குழந்தைகள் நலச் சங்கம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கத் துணி கொடுக்க வந்தாள். தோளில் எந்நேரமும் ஒரு பெரிய பை தொங்கும். பால்புட்டி, மருந்து, மாற்றுத் துணி, சில நேரம் அவளுடைய சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். எங்களுக்கு அவள் பை அக்கா. அந்தப் பையனின் அம்மா காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள். வைத்துக்கொள்ள வேறு ஆளில்லை.

"இல்லத்துல விட்டா கூட்டத்தோட கூட்டமாப் போயிடுவான். அம்மாவுக்கு உடம்பு தேறுற வரைக்கும் ஒரு வீட்ல இருந்தா நல்லாயிருக்கும்," என்று பை அக்கா அளவு டேப்பைப் பார்த்துச் சொன்னாள். எங்களைப் பார்த்துக் கேட்க அவளுக்குக் கூச்சம். அண்ணி கையை நீட்டினாள். அவ்வளவுதான் நடந்த பேச்சுவார்த்தை.

வந்த கொஞ்ச நாளிலேயே அவன் அண்ணியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணி பூரித்துப் போனாள். அந்த நாட்களில் அண்ணி தனியாக இருக்கும்போது பாடிக்கொண்டிருப்பாள், அதுவும் படு கண்றாவியாக. அப்புறம் ஒருநாள் உடம்பு தேறி அவனுடைய அம்மா வந்தாள். வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். அவன் "அம்மா!" என்று அலறிக்கொண்டு ஓடினான், அவளைத் தாண்டி, அண்ணியின் காலைக் கட்டிக்கொள்ள. அந்தப் பெண் விரித்த கையை மடக்க மறந்து அப்படியே நின்றாள்.

பிய்த்து எடுத்துத்தான் கொண்டுபோனாள். அங்கே போயும் அவன் அழும்போதெல்லாம் அம்மா அம்மா என்று அழுதிருக்கிறான். "எந்த அம்மாடா? எந்த அம்மா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாளாம். பை அக்கா இதைச் சொன்னபோது அண்ணி பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

அன்றோடு எங்கள் வீட்டில் அம்மா என்ற சொல்லுக்குத் தடை வந்தது. அடுத்து வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அண்ணி அத்தை, அண்ணன் மாமா. பெரியம்மா கூடாது, சின்னம்மா கூடாது, அம்மா என்று எதன் வாலில் வந்தாலும் கூடாது. இது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இருந்து பார்க்க வேண்டும். நாம் காய்கறி விற்பவளையும் அம்மா என்கிறோம், கைக்குழந்தையையும் வாம்மா போம்மா என்கிறோம். கடைக்கு வந்து "ஏம்மா, சட்டை ஆச்சா?" என்று கேட்டவர்களிடமெல்லாம் அண்ணி, "அக்கான்னு கூப்பிடுங்க," என்று கெஞ்சுவாள். கல்லில் கால் இடித்தால் அம்மா என்று கத்தாதவர்கள் உண்டா? எங்கள் வீட்டில் உண்டு. ஒருதடவை அண்ணனின் நகக்கண்ணில் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. "அம்..." என்று ஆரம்பித்தவன் அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ" என்று முடித்தான்.

"அப்போ நான் யாரு?" என்று நான் சண்டைக்குப் போனேன். "எங்க அண்ணன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு நான்தானே, அண்ணி, அத்தை?"

"உன்னை வேற ஏதாவது கூப்பிடச் சொல்றேன்."

"என்னன்னு?"

"பேனான்னு கூப்பிடட்டும். எந்நேரமும் அதுதானே உன் காதுல சொருகியிருக்கு."

அப்படித்தான் நான் பேனா ஆனேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒரு சிவப்புப் பேனாவாக இருந்தவள் நான். போகட்டும்.

பிறகு பட்டன் வந்தாள். தவழ்ந்துகொண்டிருந்த வயது, வந்த வாரத்திலேயே அண்ணனின் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பித்தானை எடுத்து மூக்கில் போட்டுக்கொண்டு வீட்டைக் கலக்கியதால் அந்தப் பெயர். அவளை வாங்கிவர நானும்தான் அந்தக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். இரும்புக் கதவுக்கு உள்ளே அவளுடைய அம்மா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நின்றாள். நூல் மில்லில் வேலை செய்தவள். புருஷன் இதே நோயில் முன்னாடியே போய்விட்டான். இவளுடையது மருந்துக்கு அடங்காத வகை, வருஷக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது இந்தக் குழந்தை மட்டும்தான்.

"என்னை மறந்துடுவாளாக்கா?" என்று கேட்டாள்.

"மறக்க விட மாட்டேன், தங்கச்சி," என்றாள் அண்ணி. "உன் எடத்துல நான் உக்கார மாட்டேன். நீ வர்றப்போ வாய் நெறைய அம்மான்னு கூப்பிடுவா. நீ உடம்பைப் பாரு."

அந்தப் பெண் கதவுக்கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கும்பிட்டாள். அந்த வாக்கைக் காப்பாற்றுவதுதான் அண்ணிக்கு அதன்பின் மூச்சு, பேச்சு எல்லாம்.

கைபேசியெல்லாம் வராத காலம். குரலைக் கேட்கவைக்கக்கூட வழியில்லை. அண்ணி அந்தப் பெண்ணின் மில் அடையாள அட்டையை வாங்கி, ஸ்டூடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டினாள். உருண்டை முகம், இரட்டைப் பின்னல், மார்போடு முடிந்துவிடும் படம். காலையில் எழுந்ததும், "அம்மாவுக்கு முத்தம் குடு." சாப்பிடும்போது, "ஒரு வாய் அம்மாவுக்கு." தூங்கப் போகும்போது, "அம்மாவுக்கு டாட்டா." பட்டன் வாயில் என்ன இருந்ததோ அதெல்லாம் அந்தக் கண்ணாடியில் இருக்கும். பால், பிஸ்கட், எச்சில். அண்ணி தினமும் துடைப்பாள்.

பட்டன் பேசிய முதல் சொல்லே அம்மாதான். படத்தில் கையை வைத்துச் சொன்னாள். அண்ணி என்னைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "பாரு, நான் சொன்னேனா இல்லையா?" முகமெல்லாம் சிரிப்பு. இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிட்டதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட பெண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

பிழை முதலில் என் கண்ணில்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாளின் இரங்கல் விளம்பரப் பக்கத்தைத் திருத்துவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் விரித்திருந்தேன். பக்கம் முழுக்கச் செத்தவர்களின் படம். பட்டன் நடந்து வந்தாள், குனிந்தாள். முதல் படத்தில், முறுக்கு மீசை வைத்த ஒரு மனிதரின்மேல் விரலை வைத்து, "அம்மா," என்றாள். அடுத்தது மூக்குக்கண்ணாடி போட்ட வழுக்கைத் தலை. "அம்மா." வரிசையாக எல்லோரும் அம்மா. ஒவ்வொருவருக்கும் ஒரு முத்தம். அண்ணன் சிரித்த சிரிப்பில் மெஷினே நின்றுவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம்தான் எனக்குச் சுருக்கென்றது.

"அண்ணி, இவ அம்மான்னா படம்னு நெனச்சுக்கிட்டிருக்கா."

"போடி, சின்னக் குழந்தை."

"நீங்களே பாருங்க. சுவத்துல இருக்கிறதுக்குப் பேரு அம்மா. தூக்கி வச்சு ஊட்டுறதுக்குப் பேரு அத்தை. அவ அகராதியில அப்படித்தான் இருக்கு."

அண்ணி பட்டனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எதிர்வீட்டுப் பெண் தன் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "அங்க பாரு. அது அவனோட அம்மா. அம்மான்னா குளிப்பாட்டுவாங்க, தூக்குவாங்க. உன் அம்மாவும் வந்து அப்படிச் செய்வாங்க." நாள் தவறாமல் இந்தப் பாடம் நடந்தது. பட்டன் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சில மாதம் கழித்து, நன்றாகப் பேச வந்ததும், தன் முடிவைச் சொன்னாள்.

"அவன் அம்மாவுக்குக் காலு இருக்கு. என் அம்மாவுக்குக் காலு இல்ல."

அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. துணி விஷயமோ ஆள் விஷயமோ, அவனுக்குத் தெரிந்தது ஒட்டுப்போடுவது ஒன்றுதான். மாதிரி உடைகள் போட்ட பழைய புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு பெண்ணின் பாவாடையையும் காலையும் கத்தரித்து, படச்சட்டத்துக்குக் கீழே சுவரில் ஒட்டிவிட்டான். அந்தக் கால்களில் உயரமான குதிகால் வைத்த சிவப்புச் செருப்பு.

"என்னங்க இது, மில் வேலைக்குப் போறவளுக்கு இந்தச் செருப்பா?" என்றாள் அண்ணி.

"புத்தகத்துல இருக்கிறதெல்லாம் இந்த மாதிரிதான். வெறுங்காலோட எவளாவது படத்துக்கு நிப்பாளா?"

பட்டனுக்குப் பரம திருப்தி. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். "என் அம்மா. செவப்புச் செருப்பு."

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் பை அக்கா வந்து, அந்தப் பெண்ணுக்கு நோய் முழுசாகக் குணமாகிவிட்டது என்றாள். சங்கத்தில் பேசி ஒரு ஒற்றை அறையும், துணி மடிக்கிற வேலையும் ஏற்பாடாகிவிட்டது. அடுத்த வாரம் குழந்தையை அழைத்துப்போகலாம். சொல்லி முடித்தும் பை அக்கா கிளம்பவில்லை.

"ஒண்ணு சொல்லணும். ஊசி போட்டுப் போட்டுக் காது போயிடுச்சு அவளுக்கு. ஒண்ணுமே கேக்காது. மூஞ்சியைப் பாத்துப் பேசினா உதட்டை வச்சுப் புரிஞ்சுக்கிறா."

அண்ணி பட்டனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ இவ அம்மான்னு கூப்பிட்டா?"

"கேக்காது. பாக்கத்தான் முடியும்."

அந்த வாரம் முழுக்க அண்ணி பட்டனை எதிரில் உட்காரவைத்துப் பழக்கினாள். அம்மா வருவாங்க. அம்மா மூஞ்சியைப் பாத்து அம்மான்னு சொல்லணும். உதட்டை நல்லா மூடி, அம்... மா. பட்டன் சமர்த்தாகச் சொன்னாள். படத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அண்ணி தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். திருப்பியதும், "அத்தை," என்பாள்.

அவள் வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரட்டைப் பின்னல் இல்லை, முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மருந்தில் முகம் கறுத்துக் கன்னம் ஒட்டிக்கிடந்தது. காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. அண்ணன் புதிதாகத் தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு பட்டன் நடுவில் நின்றாள். அந்தப் பெண் தரையில் முட்டி போட்டு, தன் முகம் குழந்தையின் முகத்துக்கு நேராக வரும்படி உட்கார்ந்துகொண்டாள். அவள் கண் முழுக்கக் குழந்தையின் உதட்டின்மேல்.

"அம்மா வந்திருக்காங்க பாரு. கூப்பிடு," என்றாள் அண்ணி.

பட்டன் அந்த முகத்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து காலைப் பார்த்தாள். நிமிர்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கையை நீட்டி, "அம்மா அங்க இருக்காங்க," என்றாள்.

சொல் வந்தது. முகம் திரும்பியிருந்ததால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் குழந்தையின் பிடரிதான்.

"என்ன சொல்லுச்சு?" என்று எங்களைக் கேட்டாள். குழந்தை காட்டிய பக்கம் பார்த்தாள். சட்டத்துக்குள் தன் முகம், கண்ணாடியில் காய்ந்த எச்சில், கீழே யாருடையதோ கால், சிவப்புச் செருப்பு. முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"செத்தவங்களை மாட்டுற மாதிரி மாட்டிட்டீங்களேக்கா."

கோபமாகச் சொல்லவில்லை. தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகச் சொல்லிவிட்டாள். எதிர்வீடு வரைக்கும் கேட்டது.

பட்டன் போக மாட்டேன் என்று அண்ணியின் கழுத்தை இறுக்கிக்கொண்டாள். "அத்தை, அத்தை," என்று கத்தல். பிய்த்து எடுக்க பை அக்கா கையை நீட்டினாள். "வேணாம்," என்றாள் அண்ணி. முதல் பையனைப் பிய்த்தது அவளுக்கு மறக்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்தபடியே போய், படத்தை ஆணியிலிருந்து கழற்றி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு முன்னால நட, தங்கச்சி. வருவா," என்று உதட்டை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, படம் குழந்தைக்குத் தெரியும்படி முதுகோடு பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். "அம்மா எங்க போறாங்க?" என்றாள் பட்டன். அழுகையை நிறுத்தி, வழுக்கி இறங்கி, படத்தின் பின்னாலேயே போனாள். காது கேட்காத தாய் திரும்பிப் பார்க்காமல் தன் படத்தைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, மகள் "அம்மா, நானும், அம்மா, நானும்," என்று பின்னால் ஓடினாள். அத்தனை தடவை கூப்பிட்டாள். ஒன்றுகூட அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. தெருமுனை திரும்புகிறவரை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உள்ளே வந்து கதவைச் சாத்தும்போது அண்ணியின் விரல் நசுங்கிவிட்டது. "அம்மா!" என்று கத்தினாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷத்தில் யாரும் கத்தாத சொல். கத்தியவள் நிறுத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, "அம்மா, அம்மா," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணன் விரலைப் பிடித்து ஊதிக்கொண்டே இருந்தான். விரலுக்கு அவ்வளவு அழ வேண்டியதில்லை என்று அவனுக்கும் தெரியும். சுவரில் ஆணியும், அதற்குக் கீழே வெறும் காலும் சிவப்புச் செருப்பும் மட்டும் இருந்தன. மறுநாள் நான்தான் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தேன்.

அதன்பிறகு அண்ணி எந்தக் குழந்தைக்கும் படம் மாட்டவில்லை. எவ்வளவு தூரமானாலும் வாராவாரம் பஸ் ஏறி, ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே குழந்தையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே மாடி வராந்தாவிலிருந்து தாய் கையசைப்பாள். முகம் தெரியாத தூரம்தான். ஆனால் முழு ஆள், காலோடு. மழையில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறாள். காவலாளி விரட்டியிருக்கிறான். பிற்பாடு சங்கமே அதைப் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் எல்லா வீடுகளுக்கும் வழக்கமாக்கியது. நினைவுத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை, அன்னை மட்டும் கொட்டை எழுத்தில்.

பட்டனைப் பார்க்க அண்ணி போகவே இல்லை. நான் எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "நான் போய் நின்னா அது யார்கிட்ட ஓடும்னு நெனக்கிற?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாள். பை அக்கா வந்தால் மட்டும் சுற்றி வளைத்து விசாரிப்பாள். குழந்தை முதலில் சாப்பிடவில்லை, படத்தைக் கட்டிக்கொண்டு தூங்குகிறது. அப்புறம் சாப்பிடுகிறது. அப்புறம் மடியில் உட்காருகிறது. ஒருநாள் பை அக்கா, சொல்லலாமா வேண்டாமா என்று பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இப்போ நல்லா ஒட்டிக்கிச்சு. விட்டுட்டு நகர மாட்டேங்குது. ஆனா அவளை அத்தைன்னுதான் கூப்பிடுது."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லிக்கல. காது கேக்காதே, அம்மான்னுதான் கூப்பிடுதுன்னு இருக்கட்டும்னு விட்டேன். அவளே சொன்னா. 'எனக்குத் தெரியும்க்கா. அம்மான்னா உதடு ரெண்டும் ஒட்டும். இவளுக்கு ஒட்ட மாட்டேங்குது. பரவாயில்ல, சோறு ஊட்டுறவளுக்கு அதுதானே இவ வச்சிருக்கிற பேரு,' அப்படின்னா."

அண்ணி எழுந்து உள்ளே போனாள். அம்மா என்ற சொல்லை யாருக்காகப் பொத்திப் பொத்தி வைத்தாளோ, அவளுக்கே அது போய்ச் சேரவில்லை. அதற்கப்புறம் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள், அம்மாவை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஒழுங்காகத் திரும்பிப் போனார்கள். அதெல்லாம் அண்ணி கணக்கில் சேர்த்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோதுகூட, "அது இப்போ எப்படிக் கூப்பிடுதாம்?" என்று ஒருநாள் கேட்டாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். "அம்மான்னுதானாம்," என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன மாதம் அண்ணி போய்விட்டாள். அண்ணன் அவளுடைய படத்தைப் பெரிதாக்கி, மெஷினுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறான். இப்போது தைப்பதில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான்.

நேற்று அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பட்டன் வளர்ந்து பெரிய பெண்ணாகிவிட்டாள், செருப்புக் கடையில் வேலையாம். அண்ணி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தாய்க்கு முடி நரைத்துவிட்டது. பட்டன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேராகக் குனிந்து, "அத்தை, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். துக்கம் கேட்க வந்திருந்த எதிர்வீட்டுக்காரி, "மருமகளா?" என்றாள். உதட்டைப் படித்துவிட்டு, "மகதான்," என்றாள் அந்தப் பெண். அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிற வீடுகள் இல்லையா, அந்த மாதிரி பழகிப்போயிருக்கிறது.

அப்புறம் பட்டன் படத்தின் பக்கம் போனாள். அவளுக்கு இந்த வீடு ஞாபகம் இருக்க வாய்ப்பே இல்லை. ஆனால் படத்துக்கு முன்னால் நின்றவள், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சின்ன வயதில் வைப்பாளே, அதே மாதிரி. மெல்ல, "அம்மா," என்றாள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. அண்ணனுக்கும் கேட்டிருக்கும், தலையைக் குனிந்துகொண்டான். சுவரில் இருக்கிறதுக்குப் பேர் அம்மா. வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்றிருந்த சொல் அண்ணிக்குக் கிடைத்துவிட்டது, அவள் படமான பிறகு. எனக்கு அழக்கூட முடியவில்லை, பக்கத்தில் அந்தத் தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் இருந்த இடத்திலிருந்து மகளின் முகம் பக்கவாட்டில் நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

என் கையைத் தொட்டாள். "உதடு ஒட்டிச்சே," என்றாள். தன் குரல் சன்னமாக இருக்க வேண்டும் என்று ரொம்பப் பாடுபட்டுப் பேசினாள். "மாமாவையா கூப்பிட்டுச்சு?"

நான் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஆமா," என்றேன். "மாமாவைத்தான்."

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா," என்று இன்னொரு தடவை, உதடு நன்றாக ஒட்டும்படி சொன்னேன்.